"இனி நம் காலத்தில் வராது" என்ற கணக்கு

ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டின் மாட்டுக்கொட்டில் சுவரில் இரண்டு கோடுகள் உண்டு. கீழே இருப்பது கரித்துண்டால் போட்டது. பக்கத்தில் 1992 என்று எழுதியிருக்கிறது. மேலே இருப்பதை யாரும் போடவில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி தானே தீற்றிவிட்டுப் போன வண்டல் கறை அது. கீழ்க்கோடு என் முழங்காலுக்கு வருகிறது, மேல்கோடு நெஞ்சுக்கு. வீடு முழுக்க வெள்ளையடித்த பெரியப்பா அந்தச் சுவரை மட்டும் தொடவிடவில்லை.

போன தடவை போயிருந்தபோது கொட்டிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். "முப்பத்தொரு வருஷத்துக்கு ஒன்று. எனக்கு எழுபத்துநாலு ஆகிறது. இனி நம் காலத்தில் வராது" என்றார். சற்று நேரம் கழித்து, "பூமி சூடாகிறது, சூடாகிறது என்று எழுதுகிறாயே, சூடானால் வறண்டுதானே போக வேண்டும்? இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

காலநிலை அறிவியலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதிக்குமேல் இந்த இரண்டு பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேள்வியாக வராமல் முடிவாக வந்ததுதான் ஆபத்தானது; அதற்கு நிதானமாக வர வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் என்பதை மறந்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையைவிட அது அதிகம். சென்டிமீட்டர் என்று சொன்னால் மனத்தில் எதுவும் நிற்காது. மழைக்கணக்கில் 1 மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் தரைக்கு 1 லிட்டர். அப்படியானால் ஒரு கட்டில் போடும் இடத்துக்கும் குறைவான பரப்பில் 200 லிட்டர் டிரம் ஐந்தைக் கவிழ்த்தது போல. 1,000 சதுர அடி மொட்டை மாடி ஒன்றின்மேல் மட்டும் ஏறக்குறைய 88,000 லிட்டர், அதாவது பெரிய தண்ணீர் லாரி ஏழு. ஒரு வீட்டு மாடிக்கு இவ்வளவு என்றால் ஊருக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இத்தனைக்கும் அது பெயர் வைத்த புயல்கூட இல்லை. குமரிக் கடல்மீது நகராமல் நின்ற ஒரு காற்றுச் சுழற்சி.

இதை வைத்துக்கொண்டு "பார்த்தாயா, காலநிலை மாறிவிட்டது" என்று சொல்பவரும் தவறுகிறார், "மழை எப்போதும் பெய்வதுதானே" என்பவரும் தவறுகிறார். ஒரு நாள் பெய்த மழை வானிலை. குறைந்தது 30 ஆண்டுகளின் வானிலையைக் கூட்டி, சராசரி என்ன, எந்த அளவுக்கு மேலும் கீழும் போகும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எல்லை மீறும் என்று பார்ப்பது காலநிலை. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்துபோனது. அந்த ஆண்டில் நின்று பார்த்தவருக்கு நாடு பாலைவனமாகப் போகிறது என்று தோன்றியிருக்கும்; ஏழு ஆண்டு கழித்துக் கடலாகப் போகிறது என்று தோன்றியிருக்கும். நம் நினைவு மோசமான கணக்குப்பிள்ளை. பெரிய வரவையும் பெரிய செலவையும் மட்டுமே குறித்துவைக்கும்.

பூமி ஏன் சூடாகிறது என்பதைத் தமிழில் விளக்க வரும்போதெல்லாம் "பசுமை இல்ல விளைவு" என்ற சொல் வந்து குறுக்கே நிற்கிறது. குளிர்நாட்டில் செடி வளர்க்கக் கண்ணாடியால் கட்டும் கொட்டகை அது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் தோட்டம் சூழ்ந்த வீடு என்று நினைத்துக்கொள்கிறார்கள், நியாயமாகவே. நமக்குக் கண்ணாடிக் கொட்டகை வேண்டாம். கார்த்திகை இரவும் மாசி இரவும் போதும்.

கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் இரவில் புழுக்கம் தாங்காது. மழை நின்று வானம் வெறித்துவிடும் தையிலும் மாசியிலும் விடியற்காலையில் போர்வை தேவைப்படுகிறது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்றார்கள். சூரியன் சாய்வாக வருவது ஒரு காரணம் என்றாலும், அந்த விடியற்காலைக் குளிருக்குப் பெரிய காரணம் மேலே மூடி இல்லாததுதான். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே விட்டுக்கொண்டிருக்கிறது. மேகமும் நீராவியும் அதை வாங்கி ஒரு பங்கைத் திருப்பிக் கீழே அனுப்புகின்றன. காற்றில் ஈரம் குறைந்து மேகமும் இல்லாவிட்டால் வெப்பம் நேராக விண்வெளிக்குப் போய்விடும். புல்நுனியில் பனி கோத்துக்கொள்ளும்.

கரியமில வாயுவும் இதே வேலையைச் செய்கிறது. மேகம் வரும் போகும். இது போகாது, இரவும் பகலும் எல்லா மாதமும் மேலே கிடக்கிறது. இந்த வாயுக்களும் நீராவியும் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியாக இருந்திருக்கும். இருப்பதால் 15 டிகிரி. ஆகவே போர்வை நல்லதுதான், மேலே மேலே கம்பளி போர்த்துவதுதான் தொந்தரவு. இது நேற்று முளைத்த கருத்தும் அல்ல. கரியமில வாயு வெயிலில் கூடுதலாகச் சூடேறுவதை அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட் 1856இல் கண்ணாடிக் குழாயில் செய்துபார்த்து எழுதினார். ஜான் டிண்டால் 1859இல் அதை நுணுக்கமாக அளக்கத் தொடங்கினார். அந்த வாயு இருமடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று சுவீடனின் அர்ரீனியஸ் 1896இலேயே கையால் கணக்குப் போட்டுவிட்டார். நம் தாத்தாவின் தாத்தா காலத்துச் சமாச்சாரம்.

அடுத்தது, பலரும் தடுக்கி விழும் இடம். "புகையைக் குறைத்துக்கொண்டிருக்கிறோமே, பிறகும் ஏன் சூடு கூடுகிறது?" இதற்குத் திருநெல்வேலிக்காரனுக்கு விளக்கமே தேவையில்லை. தினமும் காலையில் பேப்பரில் பார்க்கிறானே: பாபநாசம் அணை, மொத்த உயரம் 143 அடி, இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. வரத்து நேற்றைவிடக் குறைந்துவிட்டது என்பதற்காக நீர்மட்டம் இறங்கிவிடுமா? வரத்து, வெளியேற்றத்தைவிட அதிகமாக இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏறும் வேகம் மட்டுமே குறையும்.

காற்றுமண்டலமும் ஓர் அணைதான். தொழிற்புரட்சிக்கு முன்னால் அதில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் உயர்ந்த மலைச்சரிவு ஒன்றில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நாம் விடுவதில் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. அதுதான் இந்த அணையின் மடை. மடையின் அளவுக்கு மேல் வரத்து இருக்கும்வரை மட்டம் ஏறும். "நிகர சுழியம்" என்று மாநாடுகளில் பேசுகிறார்களே, அது நாம் சேர்க்கும் வரத்தையும் நாமே திரும்ப எடுக்கும் அளவையும் சமன் செய்வது. அணையைக் காலி செய்வது அல்ல. அந்த நிலையை எட்டினாலும் சூடு ஏறுவது நிற்குமே தவிர, பழைய நிலைக்கு இறங்கப் பல தலைமுறை ஆகும்.

சரி, எவ்வளவு ஏறியிருக்கிறது? 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டு 1.1 டிகிரி கூடுதல். இந்தியாவில் 1901க்கும் 2018க்கும் இடையில் ஏறக்குறைய 0.7 டிகிரி. "காலையில் 26, மத்தியானம் 38, இதில் ஒரு டிகிரி என்ன செய்யும்?" என்று கேட்கலாம். பாளையங்கோட்டையின் ஒரு நாள் ஏற்ற இறக்கமும் பூமி முழுவதன் ஆண்டுச் சராசரியும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல. கடைசிப் பனியுகத்தில் வட அமெரிக்காவின் பாதி பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தபோது உலகச் சராசரி இன்றைவிட ஐந்தாறு டிகிரிதான் குறைவு. உடம்புச் சூடு ஒரு டிகிரி கூடினால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை அல்லவா?

இப்போது பெரியப்பாவின் கேள்வி. ஆனி மாத மேல்காற்றில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும், கொடியில் கடைசித் துணியை விரிப்பதற்குள் முதல் துணி காய்ந்துவிடும். சூடான காற்று ஈரத்தைக் குடிக்கும். ஒரு டிகிரி கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். இது கருத்து அல்ல, இயற்பியல் ஆய்வகத்தில் எப்போது வேண்டுமானாலும் அளந்து பார்க்கக்கூடியது. அந்தத் தாகம் கூடிய காற்று நிலத்துக்கு மேல் வந்தால் குளத்தையும் மானாவாரி உளுந்தையும் சேர்த்து உறிஞ்சும். கடலுக்கு மேல் போனால் வயிறு நிறையக் குடித்துவிட்டு வந்து ஒரே இடத்தில் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் எதிரெதிர் சாட்சிகள் அல்ல. இரண்டும் ஒரே தாகத்தின் வேலை. இதற்கிடையில் கடலும் சும்மா இல்லை. பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. 1951 முதல் 2015 வரை உலகக் கடல்களின் மேற்பரப்பு சராசரியாக 0.7 டிகிரி சூடானபோது, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1 டிகிரி சூடானது. நமக்கு மழையை அனுப்பும் கடல் மற்றக் கடல்களைவிட வேகமாகச் சூடாகிறது என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் செய்தி.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஆனி, ஆடியில் திருநெல்வேலித் தெருக்களில் அடிக்கும் அனல்காற்றையும் இப்போதெல்லாம் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுதுகிறார்கள். அது வேண்டாம். அது பொதிகை மலை தோன்றிய காலத்திலிருந்து இருப்பது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, மழையாக அந்தப் பக்கம் கொட்டிவிடுகிறது. ஈரம் மழையாக மாறும்போது வெப்பத்தை விட்டுக்கொடுப்பதால் ஏறும் காற்று கிலோமீட்டருக்கு ஐந்தாறு டிகிரிதான் குளிர்கிறது. ஈரம் இழந்து நம் பக்கம் இறங்கும்போதோ கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி சூடேறுகிறது. 27 டிகிரியில் ஏறிய காற்று 33இல் வந்து இறங்குகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரம் கொஞ்சம் நழுவி வருவதால்தான் குற்றாலத்துக்குச் சாரல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும் காற்றுக்கு ஈரம் இல்லாவிட்டாலும் வேகம் உண்டு. ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகள் அதை மின்சாரமாக்கிக்கொண்டிருக்கின்றன. நம்மை வாட்டிய காற்று இப்போது கொஞ்சம் கடனை அடைக்கிறது.

எல் நினோ பற்றியும் ஒரு வார்த்தை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சில ஆண்டுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாவதுதான் அது. வடநாட்டுச் செய்திகளில் எல் நினோ என்றால் மழை பொய்க்கும் என்பார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் சரி. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நமக்கோ பெரும்பாலும் நேர்மாறு. சென்னை மூழ்கிய 2015உம் எல் நினோ ஆண்டு, தாமிரபரணி பெருகிய 2023உம் எல் நினோ ஆண்டு. டெல்லியிலிருந்து வரும் தலைப்பை அப்படியே வாங்கிப் பிசானப் பருவ நெல் விதைப்பைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இனி அந்த முடிவுக்கு வருகிறேன்: "இனி நம் காலத்தில் வராது."

7 சதவீதக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு டிகிரி சூடு ஏறாத உலகில் அந்த 95 சென்டிமீட்டர் 89 ஆக இருந்திருக்கும். அப்போதும் ஏரல் மூழ்கித்தான் இருக்கும். அப்படியானால் இத்தனை பேச்சு எதற்கு? இங்கேதான் சராசரிக்கும் விளிம்புக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. பள்ளிகளுக்குப் பேர்போன பாளையங்கோட்டையிலிருந்தே உதாரணம் எடுக்கலாம். 1,000 மாணவர்கள் எழுதிய தேர்வில் சராசரி 60 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு பங்குப் பேர் 50க்கும் 70க்கும் இடையில் இருக்கிறார்கள். வழக்கமான பரவலில் 80ஐத் தாண்டுபவர் 23 பேர், 90ஐத் தாண்டுபவர் ஒருவர். இப்போது எல்லோருக்கும் 5 கருணை மதிப்பெண் போட்டால் நடுவில் இருக்கும் பையனின் வீட்டில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். 80ஐத் தாண்டுபவர் மட்டும் 67 ஆகிவிடுவார்கள், ஏறக்குறைய மூன்று மடங்கு. 90ஐத் தாண்டுபவர் ஆறு பேர். சராசரி கொஞ்சம் நகர்ந்தால் விளிம்பு பல மடங்கு நகரும். மழை இவ்வளவு சீராகப் பரவி நிற்பதில்லைதான். ஆனால் விளிம்பில் நடப்பது இதுவே. எந்த மாணவன் கருணை மதிப்பெண்ணால் 80ஐத் தாண்டினான், எவன் தானே படித்துத் தாண்டினான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மழையைப் பார்த்து "இது காலநிலை மாற்றம்" என்று சொல்ல முடியாததும் அதனால்தான். அப்படிப்பட்ட மழைகளின் எண்ணிக்கை கூடுவதைத்தான் சொல்ல முடியும்.

"நூற்றாண்டு வெள்ளம்" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர்மீது எனக்குக் கோபம் உண்டு. நூறு ஆண்டுக்கு ஒருமுறை ரேஷன் போல முறைவைத்து வரும் என்று அது எண்ண வைக்கிறது. அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்பது மட்டுமே. போன ஆண்டு வந்ததா என்று ஆறு பார்ப்பதில்லை. நூறு சீட்டு உள்ள பானையில் ஒரு சீட்டில் வெள்ளம் என்று எழுதியிருக்கிறது. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, அடுத்த ஐப்பசிக்கு மறுபடியும் எடுக்கிறோம். இப்படி 30 ஆண்டு எடுத்தால் ஒருமுறையாவது அந்தச் சீட்டு வர 26 சதவீத வாய்ப்பு. 70 ஆண்டு வாழ்கிறவருக்குப் பாதிக்குப் பாதி. பூமி சூடாவது என்ன செய்கிறது என்றால், பானைக்குள் இன்னொரு வெள்ளச் சீட்டை நழுவவிடுகிறது. நூற்றுக்கு இரண்டு ஆகிவிட்டால் 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்குகிறவர் அதை அடைத்து முடிப்பதற்குள் வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு 45 சதவீதம். பானைக்குள் எத்தனை சீட்டு என்று நமக்குச் சொல்வது பழைய மழைப் பதிவுகள். பானையே மாறிக்கொண்டிருக்கும்போது பழைய பதிவு மட்டும் போதாது.

இன்னொரு திருத்தமும் உண்டு. மழை வேறு, வெள்ளம் வேறு. திருநெல்வேலி நகரத்தில் வெள்ளத்தை அளக்க மீட்டர் தேவையில்லை, குறுக்குத்துறை முருகன் கோயில் போதும். ஆற்றுக்குள்ளேயே, வெள்ளத்தைக் கிழித்துவிடும் முகப்போடு கட்டிய கோயில். நீர் ஏறினால் உற்சவர் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார். பாறையில் செதுக்கிய மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். ஆறு வரும் என்று தெரிந்து, வந்தால் வரட்டும் என்று கட்டியவர்களின் கணக்கு அது. மேற்கே கோடைமேலழகியானில் தொடங்கிக் கிழக்கே ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து கால்வாய்கள், கால்வாயிலிருந்து குளம், ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்து. பெருமழையைப் பங்கு போட்டுப் பல இடங்களில் உட்காரவைக்கும் ஏற்பாடு. மறுகால் ஓடையில் வீட்டுமனைக் கல் நட்டால், அதே மழைக்கு வேறு வெள்ளம் வரும். காலநிலை மாற்றத்தைப் பற்றி எழுதுகிறவன் இதை மறைத்தால் மனை போட்டவர்களுக்கு நல்ல சாக்குக் கொடுத்தவனாவான்.

கடல்மட்டம் பற்றிக் கொற்கையைக் காட்டி மடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாண்டியர் துறைமுகம் இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறதே, கடல் பின்வாங்கத்தானே செய்திருக்கிறது என்று. அங்கே கடல் பின்வாங்கவில்லை, தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையை முன்னால் தள்ளியது. உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. சூடான நீர் விரிவதும் பனி உருகுவதும் காரணம்.

இவ்வளவையும் கட்டிலில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது மாடுகள் திரும்பிவிட்டன. பெரியப்பா மறுபேச்சுப் பேசவில்லை. எழுந்து போய் மோட்டார் அறைக் கதவைத் திறந்து காட்டினார். 2023இல் மூழ்கிப்போன ஸ்டார்ட்டர் பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை மேல்கோட்டுக்கு இரண்டு அடி உயரத்தில் மாட்டியிருந்தார். "இது போதுமா?" என்று கேட்டார்.

மழை 7 சதவீதம் கூடினால் தண்ணீர் எத்தனை அடி கூடும் என்பதற்கு வாய்ப்பாடு கிடையாது என்றேன். மேலே எத்தனை அணைகளை ஒரே ராத்திரியில் திறக்க வேண்டிவரும், எந்தக் குளம் உடையும், கால்வாய் வாயில் அமலைச்செடி அடைத்திருக்குமா என்பதையெல்லாம் பொறுத்தது. 1992 கோட்டுக்கும் 2023 கோட்டுக்கும் இடையில் இரண்டரை அடிக்கு மேல் இருந்தது. அதைக் கையால் அளந்து காட்டினேன்.

அவர் சுவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எலெக்ட்ரீசியன் பையனுக்குப் போன் போட்டு, "இன்னும் ஒன்றரை அடி ஏற்ற வேண்டும்" என்றார். வயர் எட்டாது என்று அந்தப் பக்கம் அலுத்துக்கொண்டது எனக்கும் கேட்டது.